காலி எடை

ஒத்தக்கடை எடைமேடையில்
காலை ஐந்தே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினால்
கருப்புத் திரையில் இரண்டு பெயர் வரும்.
மேலே பழையது, கீழே புதியது.
முப்பது, இருபத்தொன்பது என்று இறங்கிக்கொண்டே போகும்.
கீழ் அம்புக்குறியைத் தட்ட மறந்தால்
பழையதற்குள் போய் விழுவேன்:
மஞ்சள் வாத்துப் படம்,
பக்கத்தில் மாயழகு என்ற பெயர்
ஆங்கிலத்தில், ஒரு எழுத்து தப்பாக,
அப்புறம் அந்தப் பச்சை மேடு.

ஜன்னலில் யானைமலை.
பத்து மணிக்கே கொதிக்கிற மொட்டைப் பாறை.
திரையில் எந்தச் சித்திரைக்கும் காயாத புல்.
"ஊட்டியாக்கா?" என்பார்கள் கிளீனர் பையன்கள்.
ஆமாம் என்பேன். எனக்கென்ன தெரியும்.

நான் சேர்ந்த வாரம் புதியதைப் போட்டார்கள்.
பழசு பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டார்கள்.
ஆறு வருடம் கிடந்தது.
இப்போது கேமரா பதிவுக்கு இடம் போதவில்லையாம்,
"அதைத் தூக்கிரு பாண்டிச்செல்வி" என்றார் முதலாளி.
கப்பலூர் சர்வீஸ்காரன் ஆயிரத்து இருநூறு கேட்டான்.
அதனால் நானே.

துடைப்பதற்கு முன் ஒருமுறை
வேண்டுமென்றே உள்ளே போனேன்.
மாயழகை நான் பார்த்ததில்லை.
இரவு ஷிஃப்டுக்காரர்,
இழுப்பறையில் பல் உடைந்த சீப்பை விட்டுப் போனவர்.
செங்கல், எம் சாண்ட், தவிடு, வாழைத்தார் என்று
வரிசையாய்ச் சீட்டுகள்.
நடுநடுவே, இரவு இரண்டு மணி வாக்கில்,
வண்டி எண் இல்லாமல் ஒன்று.
சரக்கு: நான்.
எடை: எழுபது கிலோ.

நாற்பது டன் மேடை இது, பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
அறுபத்தாறும் இதற்கு எழுபதுதான்.
தூக்கம் தள்ளுகிற நேரத்தில் போய் நின்றிருப்பார்
என்று சிரித்துக்கொண்டே இன்னும் கீழே இறங்கினால்
அதே நேரம், ஐம்பது கிலோ.
சரக்கு: நானும்.

அப்போதுதான் உறைத்தது.
மேடையில் நிற்கிறவர் பொத்தானை அழுத்த முடியாது.
கீபோர்டு வயர் ஜன்னல் வரைக்கும்கூட எட்டாது.
ஆக இரண்டு பேர்.
ஒருவர் நிற்க ஒருவர் அழுத்தி,
பிறகு மாற்றி.
டீ கேன்காரரா, லாரியில் வந்தவரா,
அல்லது யாரோ ஒருத்தியா?
ஒரே ஒரு மார்கழி இரவில் மட்டும்
நூற்று இருபது. சரக்கு: ரெண்டு பேரும்.
அன்றைக்கு அழுத்தியது யார்?

கேட்க ஆளில்லை.
பார்ட்டிஷனை அழிக்கவா என்றது கணினி. ஆம்.
நிச்சயமாகவா என்றது.
எனக்குக் கோபம் வந்தது. ஆம்.

அணைத்துப் போட்டால்
கருப்பு. வெறும் கருப்பு.
மூலையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டுகிறது.
புதியதை எழுப்புகிற சாவி
இத்தனை நாளும் பழையதன் மடியில் இருந்திருக்கிறது.
யாரும் சொல்லவில்லை.
வெளியே திண்டுக்கல் வெங்காய லோடு ஹாரன்,
அதன் பின்னால் மேலூர்ச் செங்கல்,
அதன் பின்னால் ரோடு வரைக்கும்.

சிவப்பு எண் பெட்டிக்குக் கணினி தேவையில்லை,
அது பாட்டுக்கு எண்ணியது.
கார்பன் வைத்துப் பதினோரு சீட்டு கையால் எழுதினேன்.
கடைசியில் அதே சர்வீஸ்காரன்,
அதே ஆயிரத்து இருநூறு,
ஒரு பென்டிரைவ், நாலே நிமிடம்.
"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா."

இப்போது பெயர்கள் வருவதில்லை.
நேராகத் திறந்துகொள்கிறது.
விரல் மட்டும் கீழ் அம்புக்குறிக்குப் போய்
வேலையில்லாமல் திரும்புகிறது.
காலியான முப்பத்தெட்டு ஜிபியில்
கேமரா இரவெல்லாம் வெற்று மேடையை நிரப்புகிறது.
நேற்றைய பதிவை ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு
ஒரு நாய் மேடையேறி,
நடுவில் நின்று,
கேபின் பக்கம் பார்த்துவிட்டு இறங்கிப் போனது.
இருபது கிலோ இருக்கும்.
யாரும் அழுத்தவில்லை.