மூன்றாவது புள்ளி

நாலு மணி பத்து நிமிடம்.
கேட்டைத் தட்டியது யாரென்று
செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.
பதினொரு மாதமாய் அந்தச் செருப்பு
எங்கள் வாசலை நெருங்கும்போது
தெருவின் மறு ஓரத்துக்கு மாறிக்கொள்ளும்.

பன்சிலால் என்னைப் பார்க்காமல்
மாடிப்படியைப் பார்த்துச் சொன்னார்:
"டீச்சர், வண்டி செத்துப்போச்சு.
பாண்டியன்ல பொண்ணு வர்றா.
உங்ககிட்ட ஏதோ பெட்டி இருக்காமே."

இருந்தது.
செங்கல் அளவு, செங்கல்லில் பாதிக் கனம்.
சண்டைக்குப் பின் வாங்கியது.
இனி ஒரு காலையிலும்
அடுத்தவர் பானெட்டை நம்பி நிற்கக் கூடாதென்று
மூவாயிரத்து எழுநூறு கொடுத்து வாங்கிய ரோஷம்.
பொத்தானை அழுத்தினேன்.
நாலு புள்ளியில் ஒன்றுதான் எரிந்தது.

ரோஷத்துக்கும் சார்ஜ் போட வேண்டும்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
தாளில் போட்டிருந்தார்கள்,
வெயிலில் வைக்காதீர்கள் என்றும்.
அக்னி நட்சத்திரம் முழுக்க
அதை டிக்கியில் வேகவைத்தேன்.
கரண்ட் போன ராத்திரிகளில்
அதன் வயிற்றிலிருந்து எடுத்துப் போனுக்கு ஊட்டினேன்.
இப்போதும் தெருவே இருட்டு.
இரண்டு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்து
கிருஷ்ணாபுரம் காலனி மொத்தமும்
உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது.

ஆகவே என் மாருதியைக் கிளப்பி
சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் வயரைச் செருகி
பெட்டியை கியர் பக்கத்தில் வைத்தேன்.
"மூணு புள்ளி வேணும்."
அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார்,
கதவைச் சாத்தாமல்,
ஒரு காலை வெளியே வைத்து.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது, எங்கும் போகாமல்.
இதிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்
என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.
அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.
பெட்ரோல் முள் கொஞ்சம் இறங்கியது.

இரண்டாவது புள்ளி துடிக்கத் தொடங்கியபோது
"அந்த போர்ல," என்றேன்,
"எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?"
அந்த போர் கக்கிய சேறுதான்
முதலில் என் சுவரில், பிறகு கொடித் துணியில்,
அப்புறம் எங்கள் வாயில்.
"அறுநூத்து இருவது."
கொஞ்சம் கழித்து,
"உப்பு. பருப்பு வேகமாட்டேங்குது."
நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.
அவர் கால் உள்ளே வந்தது.
கதவு சாத்திக்கொண்டது,
கொசுவுக்காகவும் இருக்கலாம்.

அவருடைய இண்டிகாவில்
சேலைக் கட்டு இறக்கியபின் டிக்கியைச் சரியாகச் சாத்தவில்லை.
யாருமில்லாத இடத்துக்கு
இரவெல்லாம் விளக்கு எரிந்திருக்கிறது.
பேட்டரித் தலையில் பச்சையாய்ப் பூத்திருந்ததைத்
துண்டால் துடைத்தார்.
சிவப்பு பிளஸ்ஸில். கருப்பு மைனஸில்.
டார்ச் பிடித்தபடி எண்ணினேன்.
இருபத்தாறிலேயே பொறுக்காமல் சாவியைத் திருப்ப
கிர், கிர் என்று இழுத்து நின்றது.
"முப்பதுன்னா முப்பது,"
ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கான குரல் வந்துவிட்டது எனக்கு.
அடுத்த முறை பிடித்துக்கொண்டது,
மதில்மேல் இருந்த பூனை எந்தப் பக்கமென்று பார்க்காமல் குதித்தது.
கருப்பை முதலில் எடுத்தேன், பிறகு சிவப்பை.
"ஸ்டேஷன்லயும் ஆஃப் பண்ணாதீங்க.
ஓடிக்கிட்டே இருக்கட்டும்."
என்னவோ சொல்ல வாயெடுத்தவர்
ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

ஏழு மணிக்குப் பால் எடுக்க வந்தால்
கேட்டில் என் பழைய ஜம்பர் கேபிள்.
போன வருஷம் அவர் டிக்கியில் விட்டது.
கேட்கப் பிடிக்காமல்
தொலைந்துபோனதாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டது.
இரண்டு கவ்வியும் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன.

ஓடுகிற வண்டி ஒன்று, ஓடாத வண்டி ஒன்று,
நடுவில் இது.
ஐந்து நிமிட வேலை.
டிக்கியில் கிடப்பது தெரியாமலா
நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்?
கேட்கலாம்தான்.

கரண்ட் வந்ததும் பெட்டிக்கு வயர் போட்டேன்.
பக்கத்து வீட்டில் மகளின் குரல்.
குக்கர் விசில்,
எட்டு,
ஒன்பது.
பருப்புதான்.