பக்கவாட்டில் நிற்பவர்

உட்லண்ட்ஸில் வானம் பார்க்கக் கிளம்புகிறவளுக்கு
முதலில் வேண்டியது நகைச்சுவை உணர்வு.
வடக்கே ஜொகூரின் வெளிச்சம்,
தெற்கே முழுத் தீவின் வெளிச்சம்,
நடுவில் ஆரஞ்சு நிறத்தில் கொதிக்கும் மேகம்.
நல்ல இரவென்றால் எண்ணிப் பதினேழு நட்சத்திரம்.
அதில் ஒன்று விமானம்.

கோள்களுக்கு மட்டும் வெட்கமில்லை.
எந்தத் தெருவிளக்குக்கும் அஞ்சாமல் வரும்.

நவம்பர். மழை விட்டு ஒரு மணி நேரம்.
ஆறு அங்குலக் கண்ணாடி வைத்த குழாயைத்
தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டிருந்தேன்,
கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடிக்கு.
"இந்தச் சனியனைத் தூக்கிக்கிட்டு எங்கே?"
கணவர்தான்.
பெயரைச் சரியாகச் சொன்னார்.

புளோக் குழுவில் செய்தி போட்டிருந்தேன்:
இன்று சனியின் வளையம் காட்டப்படும், இலவசம்.
போட்ட பிறகுதான் நினைவு வந்தது.
பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை
வளையம் தன் விளிம்பை மட்டும் நமக்குக் காட்டி நிற்கும்.
இது அந்த வருடம்.

முதலில் வந்தவர் ஹைருல்,
முதுகில் யாருடைய இரவுச் சாப்பாடோ.
குனிந்து பார்த்தார்.
"மீன் உருண்டையில குச்சி குத்தின மாதிரி இருக்கே, கக்."
அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் சொன்னதில்லை.
சாப்பாடு ஆறுகிறதென்று ஓடினார்.

மிஸ்டர் குவெக், "வளையம் எங்கே?" என்றார்
டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பவர் போல.
நான் எதிரே நம் புளோக்கைக் காட்டினேன்.
பன்னிரண்டு மாடி.
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
இருபது பூமிகளை வரிசையாக நிறுத்தலாம் அந்த வளையத்தில்.
தடிமனோ பெரும்பாலான இடங்களில்
இந்தக் கட்டடத்தின் உயரம்கூடக் கிடையாது.
அவர் புளோக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
துணி காயும் மூங்கில் கழிகளை,
ஒவ்வொரு மாடியாக.

வேதவல்லி அக்கா பத்தடி தள்ளியே நின்றார்.
மகனுக்கு ஏழரை. வேலை போய் எட்டு மாதம்.
சனிக்கிழமை தவறாமல் எள்விளக்கு,
அதுவும் சந்நிதிக்கு நேரே நில்லாமல்
ஒதுங்கி நின்று.
"அவரை நேருக்கு நேர் பார்க்கக்கூடாதும்மா."
அவரோ அப்போது
கிட்டத்தட்ட எங்கள் உச்சந்தலைக்கு மேலேயே இருந்தார்.

இந்தக் குழாயில் யாரும் நேரே பார்ப்பதில்லை அக்கா, என்றேன்.
ஒளி அடிவரை இறங்கி, கண்ணாடியில் பட்டு மேலேறி,
சாய்ந்த சின்னக் கண்ணாடி ஒன்றில் திரும்பிப்
பக்கவாட்டில் வெளியே வரும்.
கோயிலில் நீங்கள் நிற்கிற மாதிரியேதான்.
வளையமும் இந்த வருடம் ஒருக்களித்துத்தான் நிற்கிறது.

யோசித்தார்.
ஈரத் தரையில் செருப்பைக் கழற்றினார்.
முந்தானையை இழுத்துச் செருகி
ஒரு கண்ணை மட்டும் கொண்டுபோய் வைத்தார்.

கீழ்த் தளத்தில் ஏதோ வேன் பின்னோக்கி வரும் பீப், பீப்.

"ரொம்பச் சின்னதா இருக்கார்."

அப்புறம் பதறி,
"ஐயோ, போறாரே... போயிட்டார்!"

இரண்டரை வருடம் எடுக்கும் பெயர்ச்சி
என் கண்வில்லையில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.
நகர்ந்தது அவரில்லை அக்கா,
நீங்களும் நானும் இந்த மொட்டை மாடியும்தான்
என்று சொல்ல வாய் திறந்தேன்.
"திருப்பிக் கொண்டாயேன்" என்றார்.

ஒரு விரலால் குழாயைத் தள்ளினேன்; வந்தார்.
போனார். தள்ளினேன்.
நாலாவது முறை
அக்காவே தள்ளினார்.

ஒன்பதே முக்காலுக்கு மேகம் மூடியது.
"வளையம் எப்ப விரியும்?"
அடுத்த வருஷம் கொஞ்சம்.
"சொல்லு. அவனையும் கூட்டிட்டு வரேன்."

வீட்டில் வந்து துடைக்க எடுத்தால்
கண்வில்லையின் கறுப்பு ரப்பர் விளிம்பில்
ஒரு கீற்றுத் திருநீறு,
மெல்லியது,
பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரிந்தது.