பதில் தராதவர்: 1

செந்தூலில் எங்கள் புளோக்குக்கு மூன்று முறை வந்தார்கள்.
முதலில் கொசு. அடுத்து மூச்சு.
பிறகு சர்க்கரை.
விரல் நுனியில் ஒரு துளி,
கையெழுத்துக்கு ஒரு கோடு,
பத்து வெள்ளிக்கு ஒரு பற்றுச்சீட்டு.
அந்தச் சீட்டு செல்லுபடியாகும் கடைக்குப் போய்வர
வாடகைக் காருக்குப் பன்னிரண்டு வெள்ளி.
எடுத்த ரத்தம் என்ன சொன்னதென்று
யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

நான்காம் முறை முனைவர் ஹைஸா தனியாக வந்தார்.
லிஃப்ட் அன்றும் படுத்துக்கிடந்தது.
பதினோரு மாடி ஏறி, மூச்சிரைக்க,
கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றவரிடம்
"பசியாறிட்டீங்களா?" என்றேன்.
வேறென்ன கேட்பது.

கீழ்த்தளத்தில் கூடினோம்.
கமாரியா அக்கா,
காவல் உடுப்பைக் களையாமல் முத்துவீரன்,
இரண்டாம் மாடியிலிருந்து
நாற்காலியோடு தூக்கிவந்த ஆ கியோக்.
கேள்வி பதினேழு:
இனிப்பின் தீமைகள் உங்களுக்குத் தெரியுமா?
ஆ கியோக் தன் கால் இருந்த இடத்தைத் தட்டிச் சிரித்தார்.

அந்தக் கேள்வியை அடித்தோம்.
அதன் இடத்தில் முத்துவீரன் சொல்லச் சொல்ல
முனைவரே எழுதினார்:
கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில்
நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

கதவு தட்டப் போகும் எங்களுக்கு
மணிக்குப் பதினைந்து வெள்ளி, ரொக்கமாக.
முடிவு முதலில் எங்களுக்கு,
மாநாடு அப்புறம்.
மேலிடத்தில் கேட்கணும் என்று போனவர்
ஏழு வாரம் கழித்துப் பன்னிரண்டோடு வந்தார்.
இரண்டு பேர் எழுந்து போனார்கள்.
நான் போகவில்லை.
எனக்கு அந்தக் காசு தேவைப்பட்டது
என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கழுத்தில் அட்டை தொங்க
பக்கத்து வீட்டுக் கதவையே தட்டினேன்.
இருசம்மா அட்டையைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
"இப்ப நீ எந்தப் பக்கத்து ஆளு?"

எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர்.
பிறந்த ஊரிலேயே அடையாள அட்டை இல்லாதவள்,
மகன் பெயரில் வரும் மருந்தில்
பாதியைக் குத்திக்கொள்கிறாள் என்பது
சுவர் வழியாக எனக்குத் தெரியும்.
சுவர் சொன்னதைத் தாளில் எழுதலாமா என்று
பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
அவளே வாங்கி
'சொல்ல விருப்பமில்லை' என்ற கட்டத்தில்
அழுத்திக் குறியிட்டாள்,
அடித்தாளிலும் பதிகிற மாதிரி.

"அந்த ஒன்றை எடுத்துவிட்டால்
கணக்கு சுத்தமாக இருக்கும்" என்றார் முனைவர்.
"இருக்கட்டும்" என்றேன்.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்தார்.
பிறகு, இருக்கட்டும் என்றார்.

முடிவுகளை லிஃப்ட் கதவில் ஒட்டினோம், மூன்று மொழியில்.
எப்படியும் எல்லாரும்
அங்கேதான் காத்து நிற்பார்கள்.
இருசம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
வண்ணப் பட்டைகள் எல்லாம் தாண்டி
ஓரத்தில், நூல் கனத்தில், ஒரு சாம்பல் கோடு.
அதன்மேல் விரலை வைத்தாள்.
"இது நானு" என்றாள்,
பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பையனிடம்.
பிறகு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு
படியேறத் தொடங்கினாள்.