நடைக் கணக்கு

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இரவு மூன்று மணி.
நாற்பத்தொரு குடும்பம், இரண்டு கழிப்பறை,
மேடையில் கழற்றாமல் விட்ட பரிசளிப்பு விழா பேனர்.
அதன் கீழே ஜெயகௌரி தூங்குகிறாள்
நனையாமல் காப்பாற்றிய ஒரே பொருளை
அணைத்தபடி:
ரைஸ் குக்கர்.

எனக்குத் தூக்கமில்லை. கையில் உதவித்தொகை பாரம்.
நிரப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
நிரப்புவது எனக்குப் பழகிய வேலைதான்.
பெயர், அடையாள அட்டை எண், வீட்டில் எத்தனை பேர்,
தண்ணீர் எத்தனை அடி,
அதுவரை கை தடுமாறவில்லை.
எட்டாவது கேள்வி, மலாயில்:
உங்கள் கருத்தில் வெள்ளத்துக்குக் காரணம்?
பதிலுக்கு ஒன்றரை வரி விட்டிருந்தார்கள்.

"மழைன்னு போடு, சீக்கிரம் காசு வரும்"
என்கிறார் பக்கத்துப் பாய் இருளப்பன்.

மாலையில் வந்த ஒய்.பி.
பிஸ்கட் டின்னோடு படம் எடுத்துக்கொண்டு
முந்தைய ஒய்.பி.தான் என்றார்.
மன்றத்து ஆள் வடிகால் இலாகாவைக் காட்டினார்.
ஆறு எங்களுடையது, லோங்காங் மன்றத்துடையது,
நடுவில் இருக்கும் நாற்பதடி தோட்டத்துடையது
என்றது இலாகா.
தோட்டம் விற்று ஒன்பது வருடம்.
வாங்கிய கம்பெனிக்குக் கோலாலம்பூரில்
ஒரு தொலைபேசி இருக்கிறதாம்.
அடித்தால் பாட்டுப் போடுகிறது.

கோயிலை இடம் மாற்றினீர்களே,
மதுரைவீரன் சும்மா விடுவானா
என்றாள் கேன்டீன் பொற்கொடி.
இதுவரை பெயர் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

எனக்குத் தெரியும்.

தாமான் மெலூர் இருக்கும் இடம்
முன்பு பள்ளக்காடு.
மழைத் தண்ணீர் முழுக்க அங்கே போய்ப் படுக்கும்,
மூன்று நாள் கிடந்து
சொல்லாமல் எழுந்து போகும்.
பையன்கள் விரால் பிடிப்பார்கள்.
தவுக்கே லியோங் மேடாக்கச் சொன்னார்.
குன்றை வெட்டி ஏற்றினோம், ஆறு லோரி,
ராத்திரியும் விளக்குப் போட்டு.
நடைக்குப் பன்னிரண்டு வெள்ளி.
என் நடை நானூற்றுப் பதினேழு.
கணக்குப் புத்தகம் இன்னும் இருக்கிறது.
இருந்தது.
நேற்று அதுவும் மிதந்தது.

அந்தக் காசில்தான் மூத்தவளுக்குப் பாலிடெக்னிக்.
அந்தக் காசில்தான் ஃபிரிட்ஜ்,
நேற்று அடுப்படியில் மல்லாந்து சுற்றிய அதே ஃபிரிட்ஜ்.

கடைசி நடையில் மண்ணைச் சாய்த்தபோது
அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பிதுங்கி வந்து
டயர் ஓரமாக
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.
கண்ணாடியில் பார்த்தேன்.
கியரை மாற்றினேன்.

நான் ஓட்டாவிட்டால் இன்னொருத்தன் ஓட்டியிருப்பான்.
இதையேதான் தவுக்கே சொல்வார்,
பிளானில் கையெழுத்துப் போட்ட என்ஜினியர் சொல்வார்,
முத்திரை குத்திய கிராணியும்.
எத்தனை பேர் எழுதினாலும்
அந்த வாசகத்துக்கு ஒரே கையெழுத்து.

ஜெயகௌரி புரண்டு படுத்தாள்.
"இன்னும் எழுதலையா?"
"காரணம் கேட்டிருக்கு."
அவள் எதுவும் சொல்லவில்லை.
நானூற்றுப் பதினேழு நடைக்கும்
சோறு கட்டிக் கொடுத்தவள்.

எழுதினேன். தமிழில்தான் வந்தது:
மண். நானூற்றுப் பதினேழு நடை என்னுடையது.
மற்றவர்கள் தங்கள் எண்ணைத்
தாங்களே எழுதிக்கொள்ளவும்.
ஒன்றரை வரி போதவில்லை,
ஓரத்தில் ஏற்றி எழுதினேன்.

காலையில் என்சிக் ஹஃபிஸ் பாரத்தை வாங்கி,
எட்டாவதில் விரல் வைத்து,
என்னைப் பார்த்தார். இது என்ன?

நான் வாயைத் திறப்பதற்குள்
இருளப்பன் முந்திக்கொண்டார்:
"ஹுஜான், என்சிக். மழை."

அவர் தலையாட்டி முத்திரை குத்தினார்.
நான் ஒன்றும் பேசவில்லை.
அடுத்த ஆளுக்கு வழி விட்டு
வெளியே வந்தேன்.
நல்ல வெயில்.