இரண்டு மில்லிமீட்டர்

ஓவுலு. இரவு மூன்று இருபது. வெளியே மைனஸ் இருபத்தாறு.
பனி வாரும் வண்டியை நடுத்தெருவில் விட்டு
என்ஜினைக்கூட அணைக்காமல்
இறங்கி நின்றிருக்கிறார் தைஸ்தோ கார்னா.
அந்த வழியாக வந்த டாக்சிக்காரி பெயரைக் கேட்டிருக்கிறாள்.
"அது... அந்த... அது" என்றாராம்.

திரையில் அவர் தலைக்குள் இருக்கும் மரம்.
அடிமரத்துக்கு ஒன்றுமில்லை.
இடப்பக்கம், மூன்றாம் கவட்டுக்கு அப்பால்
ஒரு கிளை மட்டும் மொட்டையாக நிற்கிறது.
பேச்சுக்குப் போகிற கிளை.

பெரிய குழாய் அடைத்திருந்தால் யோசிக்கவே மாட்டேன்.
தொடையில் துளை, கம்பி, வலை, இழு.
கை தானே செய்துவிடும்.
இது வேறு. சுவர் வெங்காயச் சருகு.
இழுத்தால் கட்டி வரும், சில நேரம் சுவரும் வரும்.
எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்:
உள்ளே போய் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும்
தொண்ணூறாம் நாள் ஏறக்குறைய ஒரே இடத்தில்.
அந்த "ஏறக்குறைய"வுக்குள்
எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ.

"மேசையைத் தயார் செய்யட்டுமா?" ரேயா கேட்டாள்.
கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டாள்,
அதுதான் அவள் கருணை.

கரைக்கும் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.
அவர் மனைவி ஹில்கா வந்துவிட்டாள்,
ஒரு காலில் தன் பூட்ஸ், மறுகாலில் அவருடையது.
"உங்கள் புருஷனாயிருந்தால்?"
எனக்குப் புருஷன் இல்லை என்று சொல்லவில்லை.
கேள்வி நியாயமானது.

ஈயக் கவசத்தை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.
அவர் வலக்கை என் விரல்களை இறுக்கியது. நல்ல பிடி.
அந்தப் பிடியைப் பணயம் வைக்க
மனசு வரவில்லை.
கவசம் கொக்கிக்குத் திரும்பியது.

ஐந்தரைக்குக் கரண்டியைக் காட்டிக் கேட்டேன்.
"பனி."
சீப்பு?
"பனி."
ஹில்காவைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார். வாய் திறந்து மூடியது.
பிறகு, "பனி இல்லை" என்றார்.

சரியாகத்தான் செய்தேனா என்று
கோப்பில் எழுத ஒரு கட்டம் கிடையாது.

எட்டு மணிக்குக் கிளம்பினேன், இன்னும் இருட்டு.
நெடுஞ்சாலை துடைத்த பலகைபோல் இருந்தது.
பாலம் சுத்தம். பேருந்துத் தடம் சுத்தம்.
என் சந்து முனையில் கார் நின்றுவிட்டது.
முழங்கால் வரை.
பத்து வருடமாக விடியுமுன் இதை யார் வாரினார்கள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை நான்.
இருபதடியில் என் வீட்டுக் கதவு தெரிகிறது.
மண்வெட்டி அதற்குப் பின்னால் இருக்கிறது.