இரண்டாம் மாடிக்கு ஒரு கயிறு

மெக்சிகோ நகரத்தில், மிஸ்கோவாக்கில், எங்கள் குடியிருப்பு.
ஐந்து மாடி, ஒரு லிஃப்ட்,
அதுவும் பாதி நாள் படுத்த படுக்கை.
தெருமுனைக் கம்பத்தில் ஒலிபெருக்கி:
தூரத்துக் கடலோரம் பூமி புரண்டால்
நகரம் ஆடுவதற்குமுன் அது அலறும்.
சில சமயம் ஒரு நிமிடம் கிடைக்கும்,
சில சமயம் அதில் பாதி.

அந்தப் பாதிக்காகத்தான்
கட்டிலடியில் ஷூ வைத்திருக்கிறேன்,
நாடா தளர்த்தி, வாய் என் பக்கம் பார்க்க.
உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு ஓடியவள் நான்.
ஒருமுறை போதும்.

தலைமாட்டில் தொங்கிய படத்தை இறக்கிவிட்டேன்.
அதில் இருந்தவர் என்னை விட்டுப்போய் ஆறு வருடம்;
என் தலையில் விழும் உரிமை
அவருக்கு இனி இல்லை.
அலமாரியைச் சுவரோடு முடுக்கப் போனேன்.
முதல் திருகாணியில் சுவர் மாவாகக் கொட்டியது.
பன்னிரண்டு வருடம் சாய்ந்து உட்கார்ந்த சுவர்.

இரண்டாம் மாடியில் லியோபார்தோ.
பிறவியிலிருந்தே காது கேட்காது.
பஸ் டிப்போவில் என்ஜின் பார்க்கிறார்:
மூடிமேல் உள்ளங்கையை வைத்து
எந்த சிலிண்டர் பொய் சொல்கிறதென்று
விரல் நீட்டிக் காட்டுவார்.

செப்டம்பர் ஒத்திகையன்று
நாங்கள் எல்லோரும் தெருவில் நின்று
தலை எண்ணிக்கொண்டிருந்தோம்.
அவர் மேலே ஜன்னலருகில்
முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.
கையசைத்தார்.
நாங்களும் கையசைத்தோம்.
அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மீட்டர் நைலான் கயிறு வாங்கினேன்.
எதற்கு என்றார் கடைக்காரர்.
துணி காயப்போட, என்றேன்.
நாலாம் மாடியில் என் கட்டில் காலிலிருந்து
ஜன்னல் வழியே,
ரொசென்தாவின் ஜெரேனியத் தொட்டிகளுக்கு வலிக்காமல்,
கீழே அவருடைய கால் பெருவிரலுக்கு.
தாளில் எழுதிக் காட்டினேன்:
அலாரம் அடித்தால் இழுப்பேன், மூன்று முறை.
அவர் அதனடியில் எழுதினார்:
நான் இழுத்தால்?

சிரிப்பு வந்தது. நீங்கள் எதற்கு இழுக்கப் போகிறீர்கள்?
ஆனாலும் மனம் கோண வேண்டாமென்று
என் முனையில்
மருந்துக்கடைச் சாவிக்கொத்தைக் கட்டிவைத்தேன்.

மார்ச்சில் ஒரு புதன்.
விடியற்காலை மூன்றே கால்.
சாவிகள் தரையில் துள்ளின.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
கம்பத்திலிருந்து ஒரு மூச்சும் இல்லை.
மனுஷன் குடித்திருக்கிறார் என்று
நினைத்து முடிப்பதற்குள்
கட்டில் ஒரு முழம் நகர்ந்தது.

கதவுக்கு ஓடவில்லை. படிக்கட்டுக்கும் ஓடவில்லை.
மேஜையடியில் சுருண்டேன்,
ஒரு கை மேஜைக் காலில், ஒரு கை பிடரியில்.
தட்டுகள் ஒவ்வொன்றாக முடிவெடுத்துக் குதித்தன.
அலமாரி முன்னால் சாய்ந்து, யோசித்து,
இரண்டாவது திருகாணியில் நின்றது.
எண்ணிக்கொண்டே இருந்தேன்,
பதினொன்றுக்குப் பிறகு பதினொன்றே வந்தது.

நின்றதும் ஷூ. கேஸ் வால்வு. பை. டார்ச்.
லிஃப்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.
இரண்டாம் மாடி வாசலில் அவர்
ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டிருந்தார்;
விரலில் முடிச்சு இறுகிவிட்டது.
காயத்துக்குக் கட்டுப்போட வைத்திருந்த கத்தரிக்கோல்
முதலில் வெட்டியது அந்தக் கயிற்றை.

தெருவில், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே கேட்டேன்,
கையால், புருவத்தால்:
உங்களுக்கு எப்படித் தெரிந்தது?
என் உள்ளங்கையில் விரலால் எழுதினார்:
முதலில் சின்னதாய் ஒன்று வந்தது.
படுக்கையில் கேட்டது.

'கேட்டது' என்றுதான் எழுதினார்.

கடலில் புரண்டால்தான் கம்பம் கத்துமாம்.
இது எங்கள் காலடியிலேயே எங்கோ கிழிந்தது,
அலாரத்துக்கு நேரம் தராமல்.
விடிந்ததும் பொறியாளர் வந்து
விரிசல்களில் சுண்ணக்கட்டியால் தேதி எழுதிப் போனார்,
வளர்கின்றனவா என்று பார்க்க.

வெட்டிய கயிறு இனி எட்டாது.
ரொசென்தாவும் தனக்கொன்று வேண்டும் என்கிறாள்.
கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்:
அம்மா, எவ்வளவு துணிதான் துவைப்பீர்கள்?