இரண்டு ராத்தல் கொழுப்பு

சூப்பர்மார்க்கெட் அலமாரியில் இருப்பது எனக்கு ஆகாது.
வெள்ளைக் கட்டி, பச்சைத் தாள்,
ஆறு மாதம் வெளியே கிடந்தாலும் கெடாதாம்.
கெடாத கொழுப்பை நான் நம்புவதில்லை.
கெடாத மனிதரையும்.

ஆகவே டிசம்பர் பிறந்ததும்
மலையிலிருந்து எஸ்பன்யோலாவுக்கு இறங்கி
ஃபிடென்சியோவின் கறிக்கடையில் நிற்பேன்.
"முதுகுக் கொழுப்பு இருக்கிறது, பெனிக்னா."
"முதுகை நீயே வைத்துக்கொள்.
சிறுநீரகத்தைப் போர்த்திக்கொண்டு கிடக்குமே,
அதை எடு."
"உனக்குக் கொழுப்புதான்."
"அதற்குத்தானே வந்திருக்கிறேன்."
முப்பது வருஷமாய் இதே வசனம்,
இதே இரண்டு ராத்தல்,
தராசு முள் மட்டும் கொஞ்சம் தள்ளாடுகிறது இப்போது.

பொடியாய் நறுக்கி, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு,
அடுப்பை இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் வைக்க வேண்டும்.
அவசரப்பட்டால் பன்றி பேசத் தொடங்கிவிடும்.
பொறுமையாய் உருக்கினால்
ஒரு வார்த்தை வராது,
ஆறியதும் ஜாடியில் பனி விழுந்த மாதிரி இருக்கும்.
சோம்பும் லவங்கப்பட்டையும் அதில் ஏறி உட்காரும்.
கல்யாணமோ சாவோ,
பிஸ்கோச்சீத்தோ இல்லாமல் எங்கள் பள்ளத்தாக்கில் எதுவும் நடக்காது.

இந்த முறை கல்யாணம். என் ஆர்செனியோவுக்கு.
பெண் நிகோரா. அப்பா சமர்கந்துக்காரர்.
பன்றி அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டாது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைகிறவளைக் கேலி செய்வார்கள்.
நான் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு
பன்றிக்கு அலைந்தவள்.
முதன்முறையாக வெண்ணெயை வெண்ணெயாகவே பார்த்தேன்.
புதுத் தட்டு வாங்கினேன், புது உருளை,
புதுச் சல்லடைகூட.
கணவர் ரசீதைப் பார்த்துவிட்டு
வெளியே போய் விறகு பிளந்தார்.

வெண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கிறது.
அது சும்மா இருக்காது.
நட்சத்திரமாய் வெட்டி வைத்தது
அடுப்புக்குள் போய் ஆமையாய்த் திரும்பியது.
மூன்றாம் முறை மாவைக் குளிரில் வெளியே வைத்தேன்.
நாலாம் முறை ஏதோ நட்சத்திரம் மாதிரி.

மண்டபத்தில் இரண்டு மேசை.
என் பழைய டப்பாவுக்குப் பிளாஸ்திரி ஒட்டி,
பன்றி என்று கொட்டை எழுத்தில் எழுதி,
தூரத்து மூலையில் வைத்தேன்.
சம்பந்தி ஷாவ்கத் வெண்ணெய்த் தட்டில் நான்கு எடுத்தார்.
பிறகு அந்த மூலையை நோக்கி நடந்தார்.
எனக்கு மூச்சு நின்றது.
எழுத்தைப் படித்தார். தொடவில்லை. சிரித்தார்.

"வெண்ணெய் உங்களுக்குப் பிடிக்கவில்லை," என்றார்.
"எப்படித் தெரியும்?"
"ஓரம் கருகியிருக்கிறது. கோபத்தில் சுட்டது."

அப்புறம் அவர் சொன்னது ஆட்டுவால்.
அவர் ஊர் ஆட்டுக்கு வாலில் ஒரு மூட்டை இருக்குமாம்,
முழுக்க நிணம்.
அது இல்லாமல் சம்சா வெறும் மாவு,
அது இல்லாத சோறு வெறும் சோறு.
ஆல்புகெர்க்கியில் ஏழு கடை ஏறி இறங்கினாராம்.
"வாலா? வெட்டிப் போட்டுவிட்டோமே," என்றார்களாம் ஏழு பேரும்.
சொல்லும்போது குரல்
இழவு வீட்டுக் குரல்.
மணமக்கள் நடனமாடினார்கள்.
நாங்கள் பார்க்கவில்லை.
எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம்,
மூடியா, திறந்தா,
கடைசியில் மிஞ்சும் வறுவலுக்கு உப்பு முன்னாலா பின்னாலா?
பின்னால்தான்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஜனவரியில் கொலராடோவிலிருந்து ஒரு பார்சல்,
பனிக்கட்டிக்கு நடுவே, மஞ்சளாய், என் கைக்கனம்.
பண்ணையைக் கண்டுபிடித்துவிட்டார்.

உருக்கினேன். பொறுமையாகத்தான்.
ஆடு பேசியது.
எவ்வளவு குறைத்தாலும் பேசியது,
சோம்பை முந்திக்கொண்டு பேசியது.
ஆனால் மாவு! தொட்டால் உதிர்ந்தது,
நட்சத்திரத்தின் ஐந்து முனையும் அப்படியே.

கணவர் ஒன்று கடித்துவிட்டு
மறுபடி விறகு பிளக்கப் போனார்.
மூன்று டஜன் இருக்கிறது.
சம்பந்திக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.
மறுமுனையில் கார்ச் சாவி குலுங்கியது.

"அங்கேயே இருங்கள்," என்றார்.
"யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்."